மதிய மருந்தும் மூன்று கைகளும்

எங்கள் வீட்டில் பால் பொங்கினால்கூட நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். எத்தனை நிமிடம் கொதித்தது என்று தெரிந்தாக வேண்டும். மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து கீமோ தொடங்கியபோது, வெள்ளை அணுக்கள் குறைகிற நாட்களில் வெளித் தண்ணீர், பச்சைக் காய்கறி, பூ, கூட்டம் எதுவும் ஆகாது என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து கொதிக்க வைப்பதை நான் ஒரு உத்தியோகமாகவே பார்க்கத் தொடங்கிவிட்டேன். தண்ணீர், டம்ளர், கரண்டி, அவளுடைய சீப்பு, விளையாட்டு யானை. பிளாஸ்டிக் யானை துதிக்கையை இழந்து பன்றியாக வெளியே வந்தது. இளநீரை ஒரு முறை கொதிக்க வைத்தேன். அதை யாரும் குடிக்கவில்லை, நானும்தான்.

என் கணவரின் அக்கா அதைப் பார்த்துவிட்டார். காசிமேட்டில் விடியற்காலையில் மீன் எடுத்து, கல்மண்டபம் மார்க்கெட்டில் விற்பவர். எனக்கு அண்ணி, என் மகளுக்கு அத்தை. எங்கள் வீட்டுக்குள் வருவதற்கு முன் அவரை டெட்டால் போட்டுக் குளிக்க வைத்து, மாஸ்க் போட வைத்து, கையைக் கழுவ வைத்து, மறுபடியும் கழுவ வைத்திருந்தேன். அடுப்படியில் ஆவி பறந்துகொண்டிருந்த இளநீரை எட்டிப் பார்த்தவர் சொன்னார்:

"இன்னாம்மே, இத்தக் கொதிக்க வெச்சுட்ட, அத்தக் கொதிக்க வெச்சுட்ட. பேசாம எங்களையும் ஒரு தபா குண்டான்ல போட்டு எடுத்துடேன். கழுவுற வேலை மிச்சமாவும்."

நான் நுண்ணுயிரியல் படித்தவள். இதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது, ஏனென்றால் இதில் நடந்த கூத்தில் பாதி அந்தப் பட்டத்தால் வந்தது. கொருக்குப்பேட்டையில் ரயில் பாதைக்குப் பக்கத்து வீட்டில் இருந்து படித்து, கல்லூரியில் கண்ணாடித் தட்டில் கிருமி வளர்த்து, நடுவில் மருந்து தோய்த்த சின்ன வட்டத் தாளை வைத்து, அதைச் சுற்றிக் கிருமி செத்துப்போன தெளிவான வளையத்தை அளந்து, கலர் பென்சிலில் படம் வரைந்து நல்ல மதிப்பெண் வாங்கியவள். அந்தத் தட்டுகள் எனக்குக் கொடுத்த ஒரே நிரந்தரப் பரிசு, எங்கு பார்த்தாலும் கிருமி தெரிவது. கட்டில் காலில் தெரியும். கதவுத் தாழ்ப்பாளில் தெரியும். கணவரின் தலைமுடியில் நன்றாகவே தெரியும்.

கணவர் துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் கிரேன் ஓட்டுகிறார். உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, லாரியிலிருந்து பெட்டியை எடுத்து அடுக்குவதும் அடுக்கிலிருந்து எடுத்து லாரியில் வைப்பதும் வேலை. அங்கே பெருமை என்றால் வேகம்தான். ஒரு பெட்டி நடுவானில் ஒரு நிமிடம் அதிகமாகத் தொங்கினால் கீழே இருந்து வாக்கி டாக்கியில் கத்துவார்கள். வீட்டிலும் அவர் அப்படித்தான். சோறு தட்டில் விழுவதற்குள் சாப்பிட்டு முடித்திருப்பார்.

மகளுக்கு அப்போது ஐந்து வயது. அந்த முறை கீமோ முடிந்து வந்த பிறகு வெள்ளை அணுக்கள் அடியோடு சரிந்திருந்தன. காய்ச்சல் வந்தால் வீட்டில் மாத்திரை கொடுத்துப் பார்க்காமல் நேராக வந்துவிட வேண்டும், வந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாட்டிக் உள்ளே போக வேண்டும் என்பது மருத்துவமனையின் கட்டளை. கட்டளை என்றால் எனக்குப் பிடிக்கும். பிரச்சினை, காய்ச்சல் வந்ததா இல்லையா என்று முடிவு செய்வதில்தான்.

அன்று காலை அவள் கன்னம் சுட்டது. தெர்மாமீட்டர் வைத்தேன். எல்லையைத் தாண்டிக் காட்டியது. தெர்மாமீட்டர் பொய் சொல்லலாம் என்று இன்னொன்றை எடுத்தேன். அதுவும் அதையே சொன்னது. இரண்டும் ஒரே கடையில் வாங்கியவை, கூட்டாகப் பொய் சொல்லலாம் என்று மாடி வீட்டு அக்காவிடம் ஓடி அவர்களுடையதை வாங்கி, அதைக் கழுவி, துடைத்து, வைத்தேன். அது இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னது. பெரும்பான்மைத் தீர்ப்புக்குத் தலைவணங்கி ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

திருவொற்றியூரிலிருந்து நகரத்துக்குள் போக வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வழக்கம்போல மூச்சுவிடாமல் நின்றிருந்தன. நான் பின் இருக்கையில் மகளை மடியில் கிடத்திக்கொண்டு, "அண்ணா, சந்துல போலாமா? அண்ணா, இந்தப் பக்கம் போனா?" என்று வழி சொல்லிக்கொண்டே வந்தேன். ஆட்டோக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பாமலேயே சொன்னார்:

"யம்மா, நீ கொயந்தயப் பாரு. ரோட்ட நான் பாத்துக்கறேன். ரெண்டயும் நீயே பாத்தா நான் எதுக்கு வண்டில குந்திகினு வரேன்?"

அந்த வாக்கியத்தை அன்றைக்கே மனதில் ஏற்றிக்கொண்டிருந்தால் அடுத்து வந்த வாரம் வேறு மாதிரி இருந்திருக்கும். ஏற்றிக்கொள்ளவில்லை.

நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தோம். ரத்தம் எடுத்தார்கள், ஊசிக்குழாய் போட்டார்கள், நர்ஸ் மருந்தைக் கலந்து எடுத்து வந்தார். நான் குப்பியின் மேல் இருந்ததைப் படித்தேன். முந்தைய வருடம், இந்த நோய் எல்லாம் தெரிவதற்கு முன், தொண்டைப் புண்ணுக்காக எங்கள் தெரு டாக்டர் கொடுத்த ஆன்டிபயாட்டிக் சிரப்பின் அளவு எனக்கு இன்னும் நினைவில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது யானைக்குக் கொடுப்பது போல இருந்தது. அது வேறு மருந்து, இது வேறு மருந்து, இரண்டின் மில்லிகிராமையும் ஒப்பிடக் கூடாது என்று முதல் வருடத்திலேயே படித்திருக்கிறேன். ஒப்பிட்டேன்.

"சிஸ்டர், இவ்ளோ டோஸா? உடம்புல தெம்பே இல்லாத குழந்தை. பலவீனமா இருக்கிறப்ப கொஞ்சமாத்தானே குடுக்கணும்?"

நர்ஸ் தலையைத் திருப்பினார். பின்னால் டாக்டர் நின்றிருந்தார். என்னைவிட வயதில் சின்னவராக இருக்கலாம், தூக்கம் போதாத கண்கள்.

"எடைக்குக் கணக்குப் போட்டுத்தான் குடுக்கிறோம்மா. இவளுக்குக் குறைச்சுக் குடுக்கிறதுதான் ஆபத்து. சாதாரணமா மருந்து கிருமிகளைப் பாதியா குறைச்சுக் குடுத்தா போதும், மிச்சத்த வெள்ளை அணு பாத்துக்கும். இவ உடம்புல இப்போ அந்த ஆளுங்களே இல்ல. மொத்த வேலையும் மருந்துதான் செய்யணும். அதனால அளவும் குறையக் கூடாது, நடுவுல ரத்தத்துல மருந்து இறங்கவும் கூடாது. இந்த மருந்து ஒரே அடியா அடிக்கிற ஜாதி இல்ல, கூடவே நின்னு கொல்ற ஜாதி. அதான் ஒவ்வொரு டோஸையும் அரை மணியில ஏத்தாம, மெதுவா நாலு மணி நேரம் ஏத்துறோம்."

"நான் மைக்ரோபயாலஜி படிச்சிருக்கேன் மேடம்" என்றேன், யாரும் கேட்காமலேயே.

"அப்போ உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அந்த ஒரு வரி என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. தெரிந்திருக்கும் என்று சொல்லிவிட்ட பிறகு எப்படிச் சந்தேகம் கேட்பது? தேர்வில் இதே கேள்விக்கு ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். மருந்துகள் இரண்டு வகை, நேரத்தை நம்பிக் கொல்பவை, அளவை நம்பிக் கொல்பவை. இரண்டு வகைக்கும் எடுத்துக்காட்டு தந்து, வரைபடம் போட்டு, அடிக்கோடிட்டேன். ஐந்துக்கு ஐந்து. என் மகள் மட்டும் அந்தக் கேள்வித்தாளில் இல்லை.

முதல் இரண்டு மூன்று நாட்கள் எல்லாம் ஒழுங்காகப் போயின. மருந்தை ஒரு பம்பு மெஷின் தள்ளியது. அதில் எண்கள் ஓடும், முடிந்ததும் கீச்சென்று கத்தும். காய்ச்சல் இறங்கியது. ரத்தத்தில் வளர்ந்த கிருமி எது என்றும் தெரிந்தது. கொஞ்சம் முரட்டுக் கிருமி, ஆனால் இந்த மருந்தை விடாமல் போதுமான அளவில் வைத்திருந்தால் அடங்கும் என்றார் டாக்டர். நான் மெஷினையே பார்த்துக்கொண்டிருப்பேன். மருந்து நேரத்துக்கு என் கைப்பேசியில் அலாரம் வைத்திருந்தேன், அது அடித்ததும் நர்ஸ் அறைக்குப் போய் நிற்பேன். வார்டில் எனக்கு 'அலாரம் அக்கா' என்று பெயர் வந்தது. பாராட்டாகத்தான் சொல்கிறார்கள் என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன்.

பிறகு ஒரு கைக்குழந்தை மிக மோசமான நிலையில் வந்தது. அந்தக் குழந்தைக்குப் பம்பு தேவைப்பட்டது. எங்களுக்கு டிரிப்ஸ் பாட்டிலும் குழாயும் வந்தன. குழாயில் விரல் நுனியால் தள்ளக்கூடிய ஒரு சின்ன உருளைச் சக்கரம் இருக்கும். மேலே தள்ளினால் சொட்டு வேகமாக விழும், கீழே தள்ளினால் மெதுவாகும், இன்னும் தள்ளினால் நின்றுவிடும். நர்ஸ் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணி, சக்கரத்தைச் சரியான இடத்தில் நிறுத்திவிட்டுப் போனார்.

அன்று சாயந்திரம் விளக்கு போடும் நேரத்தில் காய்ச்சல் திரும்பி வந்தது.

காலையில் இல்லை. மறுநாள் சாயந்திரம் மறுபடியும். அதற்கு அடுத்த நாளும். விடியற்காலை மருந்துக்குப் பிறகு அவள் நன்றாக இருப்பாள், கஞ்சி கேட்பாள், யானை எங்கே என்று கேட்பாள். இரவு மருந்துக்குப் பிறகும் உடம்பு ஆறிவிடும். மதிய மருந்து ஏறி முடிந்து, வெளிச்சம் மங்கும்போது மட்டும் உதடு காய்ந்து, கண் செருகி, என் கைக்குள் சுருண்டுகொள்வாள். நான் அவள் நெற்றியில் ஈரத்துணி வைத்துக்கொண்டு, இளநீரைக் கொதிக்க வைத்த நாளில் ஏதாவது தப்பு செய்தேனா, மாடி வீட்டு தெர்மாமீட்டரை ஒழுங்காகக் கழுவினேனா, ஆட்டோவில் ஜன்னல் பக்கம் படுக்க வைத்தேனே என்று ஒவ்வொன்றாக என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். எல்லா வழக்குக்கும் குற்றவாளி நான், வக்கீல் நான், தீர்ப்பும் நான்.

நாலாம் நாள், மதிய மருந்துக்கு முன், டாக்டர் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். நர்ஸும் இருந்தார். மேசையில் மகளின் மருந்துச் சீட்டு விரிந்திருந்தது.

"மருந்து நேரத்துக்கு ஆரம்பிச்சிருக்கு, நேரத்துக்கு முடிஞ்சிருக்கு. ஒரு டோஸ்கூடத் தப்பல. ஆனா காய்ச்சல் வருது. இந்தக் கிருமிக்கு இது கேக்கணும், கேக்கல. இன்னொரு மருந்து சேக்க வேண்டியிருக்கும். அது கொஞ்சம் கடுமையானது. கிட்னியைப் பாதிக்கலாம், சில பிள்ளைங்களுக்குக் காது கேக்கிறது குறையலாம். அளவு பாத்துப் பாத்துத்தான் குடுப்போம். ஆனாலும் சொல்லிடணும் இல்லையா?"

காதா? தெருமுனையில் எத்தனை பைக் திரும்பினாலும் தன் அப்பாவின் பைக் எது என்று உள்ளே படுத்துக்கொண்டே சொல்கிறவள் அவள். கணவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாயந்திரம் மட்டும் ஏன்னுதான் எனக்குப் புரியல" என்றார் டாக்டர். "அந்த நேரத்துல என்ன மாறுது? வெளியிலேர்ந்து ஏதாவது சாப்பிடக் குடுக்கிறீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. மூன்று தெர்மாமீட்டர் வைத்திருக்கும் தாயிடம் கேட்கிற கேள்வியா இது?

"ஒண்ணும் மாறல மேடம். நான் கண்ணு கொட்டாம பாத்துக்கிட்டுதான் இருக்கேன். டிரிப்ஸ் தாறுமாறா ஓடினப்பகூட நான்தான் பாத்து, உடனே குறைச்சு விட்டேன்."

பெருமையாகத்தான் சொன்னேன். ஒரு சபாஷ் வரும் என்றுகூட எதிர்பார்த்தேன்.

நர்ஸ் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "ஓடுச்சா? நான் எண்ணி வெச்சிட்டுப் போனேனே."

"நீங்க வெச்சப்ப சரியாத்தான் இருந்துச்சு சிஸ்டர். நான் கீழ போய்ச் சாப்பிட்டுட்டு வந்து பாத்தா, குழாய் திறந்து விட்ட மாதிரி ஓடிக்கிட்டு இருக்கும். பாதிக்கு மேல காலியாகி இருக்கும். தினமும். அதான் நான் இறுக்கி..."

எங்கள் வார்டில் ஒரு நோயாளிக்கு ஒருவர்தான் கூட இருக்கலாம். பார்வையாளர் நேரத்தில் யார் உள்ளே வந்தாலும் இருப்பவர் வெளியே போய் அவரிடம் பாஸைக் கொடுக்க வேண்டும். நான் சாப்பிடப் போகும்போது பாஸை வாங்கிக்கொண்டு உள்ளே வருபவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் திரும்பினேன். டாக்டரும் நர்ஸும் திரும்பினார்கள்.

"இல்ல மேடம்" என்றார் கணவர். "அது ரொம்ப மெதுவா போய்க்கினு இருந்துச்சு. ஒரு சொட்டு வுழுது, அடுத்த சொட்டு எப்ப வுழும்னே தெரியல. சிஸ்டருக்கு வேல ஜாஸ்தி, பாவம், மறந்துட்டாங்களோன்னு..."

"எவ்வளவு திறந்தீங்க?"

"ஃபுல்லா."

"தினமுமா?"

"மருந்து சீக்கிரம் உள்ள போனா சீக்கிரம் குணமாவும்னு நெனச்சேன் மேடம்." அவருடைய குரல் இவ்வளவு சின்னதாக ஆக முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். "சரி. இவர் திறந்தார், அரை மணியில முக்கால்வாசி உள்ள போயிடுச்சு. நீங்க வந்து இறுக்கினீங்க. எவ்வளவு இறுக்கினீங்க?"

வேகமாகப் போனால் குழந்தையின் இதயத்துக்கு ஆகாது என்று எங்கோ படித்திருந்தேன். "ஏறக்குறைய... முழுசா" என்றேன்.

"அப்போ மிச்சம் எப்படிச் சரியா நேரத்துக்கு முடிஞ்சுது?"

அதற்கும் பதில் எங்கள் குடும்பத்தில்தான் இருக்க வேண்டும். சாயந்திரம் நான் குளிக்கப் போகும்போது பாஸ் அண்ணியிடம் போகும். கணவர் கைப்பேசியை எடுத்து அக்காவை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். மார்க்கெட் இரைச்சல் அறைக்குள் வந்தது.

"அக்கா, நீ டிரிப்ஸ்ல கை வெச்சியா?"

"பின்ன? நான் வரசொல்லோ அது பேச்சு மூச்சில்லாம நின்னுகினு இருக்கும். தெனிக்கும் இதே பேஜாரு. உம் பொண்டாட்டி படிச்சவ, கடியாரத்தப் பாக்கறா, சொட்டப் பாக்க மாட்றா. நான்தான் ஒரு தட்டு தட்டி, கொஞ்சமா தொறந்து வுடுவேன். அந்த சிஸ்டர் வரசொல்லோ ஸோக்கா முடிஞ்சிருக்கும். யம்மா, அந்த வவ்வா மீன அமுக்காத, அது இப்பத்தான் வந்துது. இன்னாடா, டிரிப்ஸுக்கு இன்னா?"

"ஒண்ணுமில்லக்கா, அப்புறம் பேசறேன்" என்று கணவர் துண்டித்தார்.

டாக்டர் சிரித்தாரா, அழப் பார்த்தாரா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகத் தெரியாது. கண்ணை மூடித் திறந்தார்.

"மூணு பேரும் சேந்து கரெக்டான நேரத்துக்கு முடிச்சிருக்கீங்க. சீட்டைப் பாத்தா யாருக்கும் சந்தேகமே வராது. ஆனா மருந்துல முக்கால்வாசி மதியமே உள்ள போயிடுச்சு. சில மணி நேரத்துல சிறுநீர்ல வெளியேறியும் போயிடுச்சு. சாயந்திரம் அவ ரத்தத்துல காவலே இல்ல. வெள்ளை அணுவும் இல்ல, மருந்தும் இல்ல. மத்த பிள்ளைங்களுக்கு அரை மணியில ஏத்தினாலும் சமாளிச்சுடும். இவளுக்கு வந்த கிருமிக்கும் இவ இருக்கிற நிலைமைக்கும் அது பத்தாது."

என் கண் முன்னால் கல்லூரிக் கண்ணாடித் தட்டு வந்தது. வளையம் சுருங்கிச் சுருங்கி, ஓரத்திலிருந்து கிருமி மெல்ல உள்ளே நகர்ந்து வந்தது. அதைக் கலர் பென்சிலில் வரைந்தவளே நான்தான். சந்தேகப்பட வேண்டிய பொருட்களின் வரிசையில் சீப்பு, தாழ்ப்பாள், இளநீர், ஆட்டோ ஜன்னல் எல்லாம் இருந்தன. என் விரல் இல்லை.

"அப்போ அந்தப் புது மருந்து?" என்று கேட்டேன். என் வாயிலிருந்து வந்தது கல்லூரித் தமிழ் இல்லை. "அத்த இப்பவே போடணுமா மேடம்? ஒரு நாளு பாக்கலாமா?"

டாக்டர் சீட்டை மறுபடி பார்த்தார். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், காலை ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"இன்னிக்கு ஒரு நாள் பாக்கலாம். மதிய டோஸ் ஒழுங்கா போகட்டும். சாயந்திரம் காய்ச்சல் வரலைன்னா இதே மருந்தோட தொடரலாம். வந்துச்சுன்னா நான் யோசிக்க மாட்டேன், அதை ஆரம்பிச்சிடுவேன். நடுவுல நடுக்கம் வந்தாலோ பிரஷர் இறங்கினாலோ சாயந்திரம் வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டேன். புரியுதா?"

புரிந்தது. இவ்வளவு தெளிவாக எனக்கு எதுவும் புரிந்ததில்லை.

பம்பு கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தார்கள், மறுநாள்தான் என்றார்கள். நர்ஸ் சொட்டுகளை எண்ணி, சக்கரத்தை நிறுத்தி, அதன் மேல் வெள்ளை பிளாஸ்திரியை இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு மூன்றாவது சுற்றும் சுற்றினார்.

"நானே வந்து வந்து பாத்துக்கறேன். நீங்க யாரும் இதைத் தொடக் கூடாது. தொட்டா எனக்குத் தெரியும்."

அன்றைக்கு மதியம் போல ஒரு மதியத்தை நான் உட்கார்ந்து கழித்ததே இல்லை. முதலில் சொட்டு மெதுவாவது போல இருந்தது. நர்ஸைக் கூப்பிட்டேன். வந்து எண்ணினார், சரியாக இருந்தது. பிறகு வேகமாவது போல இருந்தது. மறுபடி கூப்பிட்டேன். வந்தார், எண்ணினார், சரியாக இருந்தது. மூன்றாவது முறை எண்ணாமலேயே பேசினார்.

"அம்மா, நீங்க எழுந்து கட்டிலுக்கு இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. அங்கேர்ந்து பாட்டில் தெரியாது."

உட்கார்ந்தேன். கையை என்ன செய்வது என்று தெரியாமல் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். என் படபடப்பைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் சொன்னாள்:

"அம்மா, நான் எண்றேன். நீ சும்மா இரு."

அவள் எண்ணத் தொடங்கினாள். "பதினெட்டு, பத்தொம்போது, இருவது... இருவத்தொம்போது, இருவத்திப்பத்து, இருவத்திப் பதினொண்ணு..." திருத்த வேண்டும் என்று நாக்கு துடித்தது. திருத்தவில்லை. என் வாழ்க்கையில் ஒரு தப்பைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா இருந்தது அன்றுதான். இருபத்திப் பதினாலில் தூங்கிப்போனாள்.

பார்வையாளர் நேரத்தில் கணவர் வந்தார். பாஸைக் கொடுக்கும்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். நான் சாப்பிடப் போகாமல் வார்டு வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தேன். அவர் கட்டிலிலிருந்து தள்ளி, சுவரோரம் போய் நின்றிருந்தார், பெஞ்ச் மேல் ஏற்றின பையன் மாதிரி. சாயந்திரம் அண்ணி வந்தார். அவருக்கு விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. உள்ளே போகவே மறுத்துவிட்டார்.

"வோணாம்மே. எனக்கு கை நிக்காது. சொட்டு வுழலன்னா தட்டிடுவேன். எம் பொயப்பே தட்டித் தட்டிப் பாக்கறதுதான். நீயே போ. நான் இங்கயே குந்திகினு கீறேன்."

"நானும் இறுக்கினேன் அண்ணி" என்றேன். "நீங்க மட்டும் இல்ல."

"தெரியும். நீ படிச்சவ, கணக்கா இறுக்கியிருப்ப." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கேலி செய்கிறாரா அழுகிறாரா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அவர் கொண்டுவந்த கஞ்சிப் பாத்திரம் மட்டும் கையில் சுட்டது. மறுபடியும் கொதிக்க வைத்துத்தான் கொண்டுவந்திருந்தார்.

மருந்து முடிந்தது. நர்ஸ் பிளாஸ்திரியை வெட்டி எடுத்தபோது சக்கரம் வைத்த இடத்திலேயே இருந்தது. பிறகு காத்திருப்பதுதான் மிச்சம். வார்டில் விளக்கு போட்டார்கள். பக்கத்துக் கட்டில் அம்மா இட்லியைப் பிட்டு மகனுக்கு ஊட்டினார். நான் மகளின் கன்னத்தைத் தொடவில்லை. தொட்டால் என் கை சுடும் என்று சொல்லும், நான் நம்பிவிடுவேன். என் கையை நம்புவதில்லை என்று அன்று காலையில்தான் முடிவு செய்திருந்தேன்.

நர்ஸ் தெர்மாமீட்டருடன் வந்தார். அக்குளில் வைத்தார். அது கீச்சிட்டது. பார்த்தார், எழுதினார்.

"இல்ல" என்றார்.

"அந்தப் பக்கமும் ஒரு தடவை வெச்சுப் பாக்கலாமா சிஸ்டர்?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் வைத்தார். அங்கும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே மறுபடி வந்து வைத்துப் பார்த்தார். இல்லை. டாக்டர் வீட்டுக்குப் போவதற்கு முன் எட்டிப் பார்த்து, சீட்டைப் புரட்டி, "இதே மருந்து போகட்டும். அது வேண்டாம்" என்றார். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். அவர் அதற்குள் போய்விட்டார், நான் அடுத்த கட்டில் சுவரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கணவர் வேலைக்குப் போயிருந்தார். கூண்டில் ஏறினால் கைப்பேசியை எடுக்க முடியாது. செய்தி அனுப்பினேன்: 'காய்ச்சல் இல்லை.' அனுப்பிய பிறகு, அவர் அரைகுறையாகப் படித்து 'இல்லை'யை விட்டுவிடுவாரோ என்று பயந்து இன்னொன்று அனுப்பினேன்: 'இல்லை. வரவே இல்லை.' மூன்றாவதும் அனுப்பினேன், அதில் என்ன எழுதினேன் என்று சொல்லப் போவதில்லை.

இரவு மருந்தை நர்ஸ் மாட்டிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் அண்ணி கூப்பிட்டார். மார்க்கெட் இரைச்சல் இல்லை, வீட்டில் இருந்தார்.

"இன்னா ஆச்சு?"

"காய்ச்சல் வரல அண்ணி."

அந்தப் பக்கம் நீண்ட மூச்சு கேட்டது. பிறகு சந்தேகம் வந்துவிட்டது.

"இப்ப மருந்து போய்க்கினு கீதா?"

"போய்க்கினு கீது."

"யாரு பாத்துக்கினு கீறாங்க?"

நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். பாட்டில் தெரியவில்லை. மகள் வாயைத் திறந்து வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"யாரும் இல்ல அண்ணி. அது பாட்டுக்குப் போவுது."

"போவட்டும்" என்றார் அண்ணி.